ஒரே குரு, இரண்டு சுடுகாடு

பஞ்சாப் கிராமங்கள் பலவற்றில் ஜாட் விவசாயிகளுக்கு ஒரு சுடுகாடு, தலித்துகளுக்கு இன்னொன்று. சீக்கியக் கோவிலான குருத்வாராவும் அப்படித்தான். இரண்டிலும் வீற்றிருப்பது அதே புனித நூல், குரு கிரந்த சாகிப். லங்கர் என்னும் பொதுப் பந்தியில் பரிமாறுவதும் அதே ரொட்டி, பருப்பு.

சீக்கிய வரலாறு தெரிந்தவர்களுக்கு இது நெஞ்சைச் சுடும். 1675-ல் டெல்லியில் குரு தேக் பகதூர் தலை துண்டிக்கப்பட்டபோது, உயிரைப் பணயம் வைத்து அந்தத் தலையை அனந்த்பூருக்குச் சுமந்து சென்றவர் பாய் ஜைதா. துப்புரவுத் தொழிலில் தள்ளப்பட்ட சாதியில் பிறந்தவர். அவரைத் தங்கள் முன்னோராகப் போற்றும் மஸ்ஹபி சீக்கியர்கள், செத்த பிறகும் பல ஊர்களில் ஒதுக்குப்புறமாகவே எரிய வேண்டியிருக்கிறது.

1920 அக்டோபர் 12 அன்று, அமிர்தம் பருகிச் சீக்கியத்தில் சேர்ந்த தாழ்த்தப்பட்ட மக்கள் பொற்கோவிலுக்குக் கடா பிரசாதம் என்னும் இனிப்புப் படையல் கொண்டுவந்தார்கள். வாங்க மறுத்தார்கள் பூசாரிகள். சீர்திருத்தக்காரர்கள் விடவில்லை, வாங்க வைத்தார்கள். அடுத்த மாதமே பிறந்தது குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி. அப்படிப் பிறந்த கமிட்டி, தனிச் சுடுகாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா?

ஜலந்தர் அருகே தல்ஹன் கிராமத்தில், வழிபாட்டுத் தல நிர்வாகத்தில் இடம் கேட்டதற்காகத் தலித்துகளை ஜாட்டுகள் ஒதுக்கிவைத்தார்கள். 2003-ல் கலவரம் வெடித்த பிறகுதான் தலித்துகள் இருவருக்கு இடம் கிடைத்தது. 2010-ல், துறவி ரவிதாசைப் பின்பற்றும் தலித்துகளான ரவிதாசியாக்களில் ஒரு பகுதியினர் தனி மதமே அறிவித்துக்கொண்டார்கள். யார் உண்மையான சீக்கியர் என்று தாடியையும் தலைப்பாகையையும் வைத்து நெடுங்காலமாக வாதிடுகிறவர்கள், இவர்கள் ஏன் போனார்கள் என்பதையும் கொஞ்சம் விசாரித்திருக்கலாம்.

பஞ்சாப் மக்களில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்கிறது 2011 கணக்கெடுப்பு. அவர்களுக்குச் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. எல்லோருக்கும் பொதுவான சுடுகாட்டுக்கு மட்டுமே அரசு பணம் தரட்டும். ஒவ்வொரு கிராம குருத்வாரா நிர்வாகத்திலும் தலித்துகளுக்கு இடம் கட்டாயம் என்று சீக்கியர்களின் உச்ச பீடமான அகால் தக்த் ஆணையிடட்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்க வேண்டிய பிரபந்தக் கமிட்டித் தேர்தல் 2011-க்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் நடக்கவில்லை. அதை நடத்துங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் மஸ்ஹபித் தெருவிலிருந்து ஒரு தாய் கேட்கட்டும்: "எங்கள் வீட்டுப் பிணத்துக்கு எந்தச் சுடுகாடு?"