36 ஓட்டு... 8 கிறுக்கல்... ஒரு மேயர் நாற்காலி!

2021 அக்டோபர் ஊரக உள்ளாட்சித் தேர்தலில் அவலூர்பேட்டைக்காரர் கையில் நான்கு ஓட்டுச் சீட்டு கொடுத்தார்கள். அதில் இளஞ்சிவப்புச் சீட்டு ஊராட்சித் தலைவருக்கு. அவர் குத்திய முத்திரை நேராகத் தலைவருக்கே போய்ச் சேர்ந்தது.

பக்கத்தில் செஞ்சி டவுனில் கதையே வேறு. 2022 பிப்ரவரி 19-ல் அங்கே மக்கள் போட்டது வார்டு கவுன்சிலருக்கான ஓட்டு மட்டும்தான். பேரூராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வேலை மார்ச் 4-ல் கவுன்சிலர்கள் கைக்குப் போனது.

‘அவங்களும் நாம அனுப்புனவங்கதானே, இதுல என்ன இருக்கு?’ என்கிறீர்களா? சண்டிகர் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

2024 ஜனவரி 30. சண்டிகர் மேயர் தேர்தல். கவுன்சிலர்கள் 35, தொகுதி எம்.பி. ஒருவர், ஆக மொத்தம் 36 ஓட்டு. கூட்டணி வைத்த ஆம் ஆத்மி, காங்கிரஸிடம் 20 பேர். பா.ஜ.க. பக்கம் 16. சின்னப் பிள்ளைகூடக் கணக்குப் போட்டுவிடும். ஆனால், தேர்தல் நடத்திய அதிகாரி அனில் மஸி, கூட்டணியின் 8 ஓட்டுகள் செல்லாது என்றார். 16-க்கு 12. பா.ஜ.க.வின் மனோஜ் சோன்கர் மேயர்!

காட்டிக்கொடுத்தது கேமரா. சீட்டுகளில் மஸி பேனாவால் ஏதோ கிறுக்கும் வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. பிப்ரவரி 5-ல் அதைப் பார்த்த தலைமை நீதிபதி சந்திரசூட், இது ஜனநாயகப் படுகொலை என்று கொதித்தார். பிப்ரவரி 20-ல் அந்த 8 சீட்டுகளையும் உச்ச நீதிமன்றத்துக்கே வரவழைத்துப் பார்த்தார்கள். எட்டும் செல்லும், ஆம் ஆத்மியின் குல்தீப் குமாரே மேயர் என்று தீர்ப்பு வந்தது.

சுபம் போட்டுவிடலாமா? அதுதான் முடியவில்லை.

தீர்ப்புக்கு இரண்டு நாள் முன்பு சோன்கர் ராஜினாமா செய்தார். அதே நேரத்தில் ஆம் ஆத்மி கவுன்சிலர்கள் மூன்று பேர் பா.ஜ.க.வுக்குத் தாவினார்கள். 16 இப்போது 19. மார்ச் 4-ல் நடந்த மூத்த துணை மேயர், துணை மேயர் தேர்தல்கள் இரண்டிலும் பா.ஜ.க. 19 ஓட்டு வாங்கி ஜெயித்தது. அடுத்த ஆண்டு, 2025 ஜனவரி 30 மேயர் தேர்தலுக்கு உச்ச நீதிமன்றமே ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைப் பார்வையாளராகப் போட்டது. கூட்டணியிடம் 20 பேர் இருந்தும், விழுந்தது 17. பா.ஜ.க.வின் ஹர்ப்ரீத் கவுர் பப்லா 19 ஓட்டில் மேயரானார். இந்த முறை எந்தக் கிறுக்கலும் இல்லை. ரகசிய ஓட்டு என்பதால் மாற்றிப் போட்டது யார் என்று சீட்டும் சொல்லவில்லை. பிறகுதான் அங்கே கைதூக்கி ஓட்டுப் போடும்படி விதியை மாற்றினார்கள்.

பேனாக் கிறுக்கலைக் கோர்ட் திருத்திவிடும். மாறிய மனசை எந்தக் கோர்ட் திருத்தும்? அரசியல் சட்டத்தின் கட்சித் தாவல் தடை எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்குத்தான். கவுன்சிலரை அது கட்டாது.

நம் ஊரிலும் 2022 மார்ச் 4-ல் ஒரு காட்சி அரங்கேறியது. கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிகளில் சில இடங்களில் தி.மு.க.வினரே போட்டியிட்டு ஜெயித்தார்கள். ராஜினாமா செய்துவிட்டு வாருங்கள் என்று முதல்வர் ஸ்டாலினே சொல்லும்படி ஆனது. அங்கே ஓட்டுப் போட்ட மக்களை ‘யார் தலைவராக வேண்டும்?’ என்று யாரும் கேட்கவில்லை.

நேரடித் தேர்தல்தான் மருந்து என்று சிலர் சொல்கிறார்கள். தலைவர் ஒரு கட்சி, பெரும்பான்மை கவுன்சிலர்கள் இன்னொரு கட்சி என்றானால் குப்பை வண்டி வாங்கும் தீர்மானம்கூட நகராது என்பது மறுபக்க வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறைமுகத் தேர்தலைக் கொண்டுவந்தபோது இரண்டையும் மக்கள் முன்னால் வைத்துப் பேசியிருக்கலாம்.

இப்போதைய நகர்ப்புற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சோடு முடிகிறது. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் தெருவிளக்கு, சாக்கடையோடு இன்னொன்றையும் கேளுங்கள்: “தலைவர் தேர்தலில் உங்க ஓட்டு யாருக்கு? ஜெயிச்ச பிறகும் அதே பேச்சுதானா?” தெருவே கூடியிருக்கும்போது கேட்டால் இன்னும் நல்லது. சட்டம் கட்டாதவரை, நாலு பேர் முன்னால் கொடுத்த வாக்காவது கட்டட்டும்.