தூசு எங்கே போகிறது?

காலையில் தும்புத்தடியால் கூட்டி முடித்ததும், யன்னலால் விழும் வெயிற் கீற்றைச் சற்றுப் பாருங்கள். கூட்டிய தூசில் ஒரு பங்கு அங்கேதான் மிதந்துகொண்டிருக்கும். தொய்வுள்ள பிள்ளை அதைத்தான் சுவாசிக்கிறது.

வெக்யூம் கிளீனர் வாங்கினால் சரியா? நல்ல வடிகட்டி இல்லாததென்றால், உறிஞ்சிய நுண்தூசை அதே அறைக்குள் திரும்ப ஊதிவிடும். 1901இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் அமைத்த பொறியோ குதிரை வண்டியில் வந்து தெருவிலேயே நிற்கும். நீண்ட குழாய் மட்டும் யன்னல் வழியே வீட்டுக்குள் போகும். (அவ்வளவு பெரிய பொறி, வேறு வழியில்லை!)

இன்று மேல்நாட்டு வீடுகளில் பொருத்தும் மத்திய வெக்யூம் முறையும் அதே வகைதான். மோட்டாரும் தூசுத் தொட்டியும் கராஜில் இருக்கும். குழாய்கள் சுவருக்குள் ஓடும். அறைச் சுவரிலுள்ள துவாரத்தில் ஹோஸைச் செருகினால் போதும். இரைச்சல் குறைவு, கழிவுக் காற்றையும் வெளியே விட்டுவிடலாம். கம்பளம் விரித்துப் புதுவீடு கட்டுவோர் யோசிக்கலாம்.

சீமெந்துத் தரைக்கு அது வீண் செலவென்பேன். ஈரத்துணியால் துடைத்தாலே தூசு பறக்காது. ஆனால் மெத்தையை மறந்துவிடாதீர்கள். கண்ணுக்குப் புலப்படாத தூசுப் பூச்சிகள், நம் உடலிலிருந்து உதிரும் தோலைத் தின்று அங்கேதான் வாழ்கின்றன. எந்தப் பொறியும் அவற்றை முழுதாக உறிஞ்சாது. தலையணை உறை, படுக்கை விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 பாகை செல்சியஸ் சுடுநீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். கூட்டும் நேரத்தில் அந்தப் பிள்ளையை முற்றத்துக்கு அனுப்பிவிடுங்கள்.