ஒரே ஆள், இரண்டு பெயர்!

ஏட்டில் ஏற்படும் குழப்பம் எப்படிப்பட்டது என்பதை இளையரசனேந்தல் மக்கள் நன்கு அறிவார்கள். சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்த அந்தக் குறுவட்டம், 2008-ல் கோவில்பட்டி தாலுகாவுக்கு மாறியது. பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் தூத்துக்குடி மாவட்டம் என்றாயிற்று. ஆனால் ஊராட்சிகள் குருவிகுளம் ஒன்றியத்திலேயே நின்றன. 2019-ல் தென்காசி மாவட்டம் பிறந்தபோது, அந்த ஒன்றியம் தென்காசிக்குப் போயிற்று. நிலத்துக்கு ஒரு மாவட்டம்; தெருவிளக்குக்கு வேறு மாவட்டம்! ஒரே ஊர் இரண்டு இடத்தில் எழுதப்பட்டால், அலைவது மக்கள்தான்.

ஊருக்கு நேர்ந்தது ஆளுக்கும் நேரும்.

பட்டியலில் இரட்டைப் பெயர்

தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19-ந் தேதி வரைவுப் பட்டியல் வெளியாயிற்று. 97 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள் போக, சுமார் 3 லட்சத்து 39 ஆயிரம் பெயர்கள் இரட்டைப் பதிவு என்று நீக்கப்பட்டன.

இவர்கள் எல்லாம் மோசடிக்காரர்களா? இல்லை. ஒரு பெண் கல்யாணமாகிப் புருஷன் ஊருக்குப் போகிறாள். அங்கே புதிதாகப் பெயர் சேர்க்கிறாள். பிறந்த ஊரில் உள்ள பெயரை யாரும் எடுப்பதில்லை. ஒரு ஏட்டில் "மாரியம்மாள்", இன்னொன்றில் "மாரியம்மா". முதலில் தகப்பனார் பெயர். பிறகு கணவர் பெயர். ஆள் ஒன்று, பெயர் இரண்டு!

சட்டம் இதை அனுமதிக்கவில்லை. 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் பெயர் ஒரே ஒரு தொகுதியில், ஒரே ஒரு முறைதான் இருக்கலாம். தெரிந்தே பொய்யாக எழுதிக் கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

அவசரமும் ஆபத்து

இதற்கு மறுபக்கமும் உண்டு. குலதெய்வத்தின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது இந்தச் சீமையின் வழக்கம். ஒரே தெருவில் இரண்டு மாடசாமி இருப்பார்கள். இருவரின் தகப்பனாரும் கருப்பசாமியாக இருக்கலாம். பெயரை மட்டும் பார்த்து ஒன்றை அடித்தால், உயிரோடு இருக்கும் ஒருவர் வாக்கு இழந்து நிற்பார். இரட்டைப் பெயர் இருப்பது தவறு. இரண்டு பேரை ஒருவராக்குவது அதைவிடப் பெரிய தவறு.

ஆகவே பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர், விலாசம் எல்லாவற்றையும் ஒத்துப் பார்க்க வேண்டும். பிறகு வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். அதன் பின்னரே பேனாவை எடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

வெட்டுவதை விட வராமல் தடுப்பது எளிது. எழுதுமுன் தேடு என்பதே முதல் விதி. கடையில் வாடிக்கையாளர் பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவருக்கும் இது பொருந்தும். போன் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏற்றினால், ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு வராது.

குடும்பத்தாருக்கும் கடமை உண்டு. பள்ளிக்கூடம், ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை எல்லாவற்றிலும் பெயரை ஒரே எழுத்தில் எழுத வேண்டும். ஊர் மாறினால், புதிதாகச் சேருவதற்கான 6-ம் எண் படிவத்தைக் கொடுக்கக் கூடாது. மாற்றத்துக்கான 8-ம் எண் படிவத்தைத்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் ஒருவர் இறந்தால், பெயரை நீக்க 7-ம் எண் படிவம் இருக்கிறது.

பட்டியல் வெளியாகும்போது, எழுத்துத் தெரிந்த பிள்ளை வீட்டார் பெயரை எல்லாம் ஒரு முறை வாசித்துக் காட்டட்டும். படித்த படிப்புக்கு அதைவிட நல்ல பயன் வேறென்ன?

ஆளுக்கு ஒரு பெயர். அந்தப் பெயர் ஒரே இடத்தில். ஆனால், அந்த ஒரு இடத்தில் அது கட்டாயம் இருக்க வேண்டும்!