திவாலும் ஜீவனாம்சமும்

மணவிலக்குப் பெற்ற மனைவிக்கு ஜீவனாம்சம் தரவேண்டியவன், திவாலாகிவிட்டதாகக் கைவிரித்தால் கடமை நீங்குமா? நீங்காது. 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டமே குற்றவியல் நடைமுறைச் சட்டப்படியான ஜீவனாம்ச உத்தரவைக் கடன் விடுதலைக்கு வெளியே நிறுத்தியது. 2016ஆம் ஆண்டு நொடிப்பு, திவால் சட்டத்திலும் ஜீவனாம்சம் 'விலக்கப்பட்ட கடன்'தான். (நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றோரைத் தவிர, தனிநபர்களுக்கு அப்பகுதி இதுவரை நடைமுறைக்கு வரவில்லை, வெள்ளையர் காலச் சட்டமே நீடிக்கிறது.) 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம், வங்கி முதலான கடனீந்தோரின் உரிமையைவிட ஜீவனாம்ச உரிமையே முதன்மையானது என்றது.

தீர்ப்பு நன்று. ஆனால் அதைப் பணமாக்குவது யார்? தம்பி பெயருக்கு மாறிய பட்டறையை, மூடப்பட்ட வங்கிக் கணக்கை அந்தப் பெண்ணே துப்பறிய வேண்டியுள்ளது. சொத்து விவரப் பிரமாணப் பத்திரத்தை 2020இல் உச்சநீதிமன்றம் கட்டாயமாக்கியும், பொய்யை உடைக்கும் சுமை அவள்மேல்தான். நிலுவைக்குப் பிடியாணை வேண்டுமெனில் ஓராண்டுக்குள் மனுச் செய்தாக வேண்டும். கூலிக்குச் செல்பவள் எத்தனை வாய்தாவுக்கு வேலையை விடுவாள்? பெருமுதலாளிகளின் கடனில் பெரும்பகுதியை வங்கிகள் விட்டுக்கொடுக்கத் தீர்ப்பாயங்கள் அமைத்த அரசுக்கு இது கண்ணில் படவில்லை.

நிலுவையை அரசே முன்பணமாக வழங்கி, கணவனிடம் வரிபாக்கிபோல் வசூலிக்கட்டும். தனிநபர் நொடிப்புப் பகுதியை நடைமுறைப்படுத்தும்போதே இதற்கான விதியையும் சேர்க்க வேண்டும்.