திருப்பதி வெயிலும் சத்து டப்பாக்களும்

திருப்பதியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அந்த ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் நோய்நொடி இல்லாமல் நடமாடியவர்களின் ரத்தத்தை ஸ்விம்ஸ் என்று எல்லோரும் அழைக்கும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகத்தில் ஆராய்ந்தார்கள். டாக்டர் சி.வி.ஹரிநாராயணும் உடன் பணியாற்றியவர்களும் 2007-இல் வெளியிட்ட முடிவு இது: ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 20 நானோகிராமுக்கும் குறைவாக வைட்டமின் டி இருந்தவர்கள் நகரத்து ஆண்களில் 62 சதவீதம், பெண்களில் 75 சதவீதம். கிராமத்திலும் ஆண்களில் 44, பெண்களில் 70 சதவீதம் பேருக்கு அதே குறை.

சத்து மாத்திரை, புரோட்டீன் பவுடர் என்று கடைக்குப் போகும் சித்தூர், திருப்பதி வாசகர்கள் முதலில் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே எதில் குறை என்பதை உள்ளூர் மருத்துவமனையே அளந்து சொல்லியிருக்கிறது. ஆனால் உடம்பைத் தேற்ற நினைக்கும் இளைஞர் முதல் செலவாக வாங்குவது பெரும்பாலும் பெரிய புரோட்டீன் டப்பாவைத்தான்.

வெயில் ஊரில் இந்தக் குறை ஏன்? நம் தோலில் இருக்கும் ஒரு பொருளின் மேல் புற ஊதா பி கதிர் பட்டால் வைட்டமின் டி உருவாகத் தொடங்கும். அந்தப் பொருளைச் சிறு கண்ணாடிக் குப்பிகளில் அடைத்துத் திருப்பதி வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். ஆண்டு முழுவதும் பலன் கிடைத்தது, ஆனால் காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரைதான் நன்றாகக் கிடைத்தது. காலை இளவெயிலில் நின்றால் வைட்டமின் டி சேரும் என்று நம் வீடுகளில் சொல்லிவருவது இந்தச் சோதனையோடு பொருந்தவில்லை. சூரியன் தாழ்ந்திருக்கும்போது அந்தக் கதிரைக் காற்றுமண்டலமே வடிகட்டிவிடுகிறது. விடியற்காலையில் அலிபிரி படியேறுவது இதயத்துக்கும் கால்களுக்கும் அருமையான பயிற்சி. வைட்டமின் டி-க்கு அது உதவாது. பலன் தரும் நேரத்தில் நாம் அலுவலகத்திலோ கடையிலோ நிழலில் இருக்கிறோம். அதற்காகச் சித்திரை வைகாசி உச்சி வெயிலில் யாரும் போய் நிற்க வேண்டாம். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் கையும் காலும் வெயில் பட, தோல் சிவக்காத அளவுக்குக் கொஞ்ச நேரம் நடந்தால் போதும். கறுத்த தோலுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் தேவைப்படும்.

வயல்வேலை செய்பவர்கள் நிறைந்த கிராமங்களிலும் குறை இருந்ததே என்று கேட்கலாம். அந்த ஆய்வின் இன்னொரு பாதி இதற்கு வழிகாட்டுகிறது. நகரம், கிராமம் இரண்டிலும் சாப்பாட்டில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவாகவும், தானியங்களில் உள்ள பைட்டேட் என்ற பொருள் அதிகமாகவும் இருந்தன. பைட்டேட் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்சவிடாமல் வெளியே தள்ளும். சுண்ணாம்பு பற்றாதபோது உடம்பு தன் வைட்டமின் டி இருப்பையும் வேகமாகச் செலவழித்துவிடும். எனவே டி மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுத் தட்டில் சோறும் புளிக்குழம்பும் மட்டும் வைத்துக்கொண்டால் பாதி வேலைதான் நடக்கும்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து வேண்டும் என்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. அதே அளவு தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம்கூடத் தேறாது. ராகி சங்கட்டியும் கூழும் இந்த மண்ணின் சாப்பாடு. கேழ்வரகிலும் பைட்டேட் உண்டு. முளைகட்டி அரைத்தாலும், கூழை ஒரு ராத்திரி புளிக்கவைத்தாலும் அது குறையும். பழைய வீட்டுப் பக்குவம் எவ்வளவு சரியானது என்பதை நினைக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. இதோடு அரை லிட்டர் பாலோ அதற்கு ஈடான தயிரோ சேர்ந்தால் இன்னொரு 600 மில்லிகிராம். கீரையும் எள்ளும் மிச்சத்தை நிரப்பும்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள், மாதவிடாய் நின்ற பெண்கள், வயதானவர்கள் போன்றோருக்கு மாத்திரை தேவைப்படலாம். வாங்கும்போது அட்டையில் பெரிதாக இருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. 1,250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டில் உண்மையான கால்சியம் 500 மில்லிகிராம்தான். ஒரே வேளையில் 500-க்கு மேல் விழுங்கினால் உடம்பு நன்றாக உறிஞ்சாது. கார்பனேட் வகையைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும்; சிட்ரேட் வகைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

என்னை உண்மையிலேயே கவலைப்படுத்துவது வைட்டமின் டி சாஷே. ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையானது 600 அலகு. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சாஷேயிலும் பெரிய மாத்திரையிலும் இருப்பது 60,000 அலகு. குறை உறுதியானவர்களுக்கு டாக்டர் வாரம் ஒன்று என்று சில வாரங்களுக்கு எழுதித் தருவது அது. பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்குவதும், தினமும் ஒன்று என்று தவறாகப் புரிந்துகொண்டு குடிப்பதும் ஆபத்து. இது கொழுப்பில் கரையும் வைட்டமின், மிஞ்சியது உடம்பிலேயே தங்கும். ரத்தத்தில் சுண்ணாம்பு ஏறி, வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல் என்று தொடங்கிச் சிறுநீரகம் வரை பாதிக்கும்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் பி12 பற்றியும் யோசிக்க வேண்டும். செடிகொடிகளில் அது கிடையாது. பாலும் தயிரும் தாராளமாக இல்லாத சைவர்களுக்கு மாத்திரை நியாயமான தேவைதான். சர்க்கரைநோய்க்குப் பல ஆண்டுகளாக மெட்பார்மின் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறையலாம். கால் மரத்துப்போகிறது என்றால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இனி ஜிம்முக்குப் போகும் தம்பிகளின் கேள்வி. 60 கிலோ எடையுள்ளவருக்கு அன்றாடம் வேண்டிய புரதம் சுமார் 50 கிராம். கடுமையாக எடை தூக்குபவருக்கும் கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் கூடுதல் பயன் இல்லை என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது. உடம்பை ஏற்றப் புரோட்டீன் பவுடரை நம்ப வேண்டாம் என்றும் அறிவுறுத்துகிறது. 1.6 கிராம் என்றால் 96 கிராம். முந்நூறு கிராம் அரிசியில் 24, ஐம்பது கிராம் பருப்பில் 12, இரண்டு முட்டையில் 12, அரை லிட்டர் பாலில் 16, ஒரு கை வேர்க்கடலையில் 7. எழுபதைத் தாண்டிவிட்டோம். நூறு கிராம் கோழிக்கறி சேர்ந்தால் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும். வேர்க்கடலை விளையும் சித்தூர்ச் சீமையில் இதற்குப் பெரிய செலவும் இல்லை.

வே புரோட்டீன் பாலிலிருந்து பிரித்த உணவு. சமைக்க நேரமில்லாதவர் ஒரு ஸ்கூப் கலக்கிக் குடிப்பதில் தவறில்லை. ஆனால் டப்பாவுக்குள் இருப்பது என்ன? கேரளத்தின் ராஜகிரி மருத்துவமனை டாக்டர் சிரியக் ஆபி பிலிப்ஸும் குழுவினரும் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்து 2024-இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரத அளவு தவறு. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. சுமார் 14 சதவீதத்தில் ஈரலைக் கெடுக்கும் பூஞ்சை நஞ்சு இருந்தது. கிரியேட்டின் நிறைய ஆராயப்பட்ட பொருள். நாளுக்கு 3 முதல் 5 கிராம் அளவில் ஆரோக்கியமானவர்களுக்குக் குறுகிய வேகமான பயிற்சிகளில் உதவுகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இவற்றை டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. கொழுப்பைக் கரைக்கும், பத்தே நாளில் உருவை மாற்றும் என்று விற்கப்படும் எதையும் வாங்காதீர்கள்.

டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா, எந்தச் சத்து எத்தனை மில்லிகிராம் என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறதா, காலாவதி தேதி என்ன என்று பாருங்கள். ‘விசேஷக் கலவை’ என்று மொத்தமாகப் போட்டு அளவை மறைத்திருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். நோயைக் குணப்படுத்தும் என்று சத்துப் பொருளின் லேபிளில் எழுதச் சட்டத்தில் இடமில்லை. எழுதியிருந்தால் அதுவே அதை ஒதுக்கப் போதுமான காரணம்.

நம் வீடுகளில் அதிகம் பேருக்குத் தேவைப்படும் சத்து மாத்திரை காசில்லாமல் கிடைக்கிறது. கர்ப்பிணிகளுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட சிவப்பு மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தருகிறார்கள். பேறுகாலத்துக்கு முன் 180 நாள், பின் 180 நாள். மலம் கறுப்பாகப் போவது இரும்பினால்தான், பயப்பட வேண்டாம். வயிற்றைப் பிரட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். டீ, காபியோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்க்காமல் இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். உங்கள் வீட்டில் அந்த அட்டை பிரிக்காமல் கிடந்தால், புது டப்பா வாங்கும் முன் இன்று ராத்திரியே அதை எடுத்துக் கொடுங்கள்.