முதலிடத்தை விட்டுக்கொடுத்த விஞ்ஞானி



உயர்தர உயிரியல் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வரும்போது, நாம் இரண்டு பெயர்களைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1978 ஒக்டோபர் 3. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து பத்து வாரம்தான். கொல்கத்தாவில் வைத்தியர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் துர்கா பிறந்தாள். கருவை உறையவைத்துப் பிறகு கருப்பையில் வைத்திருந்தார் அவர். மாநில அரசு அமைத்த குழு நம்பவில்லை. கேலி செய்தார்கள், கண் வைத்திய நிறுவனமொன்றுக்கு இடம் மாற்றினார்கள். 1981 ஜூன் 19இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1986 ஓகஸ்ட் 6இல் மும்பையில் ஹர்ஷா பிறந்தாள். இந்தியாவில் முதலாவது என்ற பெருமை விஞ்ஞானி டி.சி.ஆனந்தகுமாருக்கும் வைத்தியர் இந்திரா ஹிந்துஜாவுக்கும் கிடைத்தது. ஆனால் ஆனந்தகுமார் பின்னர் முகர்ஜியின் குறிப்புகளைப் படித்தார். அந்தப் பெருமை முகர்ஜிக்கே உரியது என்று 1997இல் எழுதினார். தன் கையிலிருந்த முதலிடத்தைத் தானே கொடுத்துவிட்டார். பெரிய மனது!

விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லும் அந்தக் குழு கொல்கத்தாவில் மட்டுமா இருந்தது? நம் லயங்களிலும் கடைவீதியிலும் இருக்கிறது. கல்யாணமாகி இரண்டு வருடம் போனால், எந்தப் பரிசோதனையும் இல்லாமல் பெண்ணுக்கு 'மலடி' என்று பெயர் வைத்துவிடுகிறோம். காரணம் ஆணிடமும் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். கொழுந்துக்கூடை சுமக்கிறவள் அந்தப் பழியையும் ஏன் சுமக்க வேண்டும்?

இருவரும் சேர்ந்து வைத்தியரிடம் போகட்டும். அதுவரை நாம் வாயை மூடிக்கொண்டிருப்போம்.