மிளகு நனைந்தது யாரால்? ஏடிஹெச்டி குறித்துக் கொல்லிமலையிலிருந்து ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

தை பிறந்தால் கொல்லிமலையில் மிளகுப் பறிப்பு தொடங்கிவிடும். சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி ஏறி, கொடியிலிருந்து சரம் சரமாகப் பறித்து, உதிர்த்து, வாசலில் தார்ப்பாய் விரித்துக் காயப்போடுவார்கள். காய்கிற நாட்களில் ஒரு வேலையை மட்டும் தவறவே விடக்கூடாது. பொழுது சாய்ந்து பனி இறங்குவதற்குள் மிளகை அள்ளி உள்ளே வைத்துவிட வேண்டும். ஈரம் ஏறினால் பூசணம் பிடிக்கும், வியாபாரி கையில் அள்ளிப் பார்த்துவிட்டு விலையைக் குறைப்பார்.

அந்த வேலையைக் கணவனிடம் சொல்லிவிட்டு மனைவி ரேஷன் கடைக்குப் போகிறாள். இருட்டிய பிறகு வந்து பார்த்தால் மிளகு வாசலிலேயே கிடக்கிறது. கணவன் எங்கும் ஊர் சுற்றப் போகவில்லை. பத்தடி தள்ளி, பழுதான தண்ணீர் மோட்டாரைக் கழற்றிப் போட்டு, மூன்று மணி நேரமாக அதிலேயே மூழ்கிக் கிடக்கிறான். "ரெண்டு தடவை சொல்லிட்டுத்தானே போனேன்?" என்று அவள் கேட்கும்போது அது மிளகைப் பற்றிய கேள்வியாக மட்டும் இல்லை. போன மாதம் கட்டாமல் விட்ட கடன் தவணை, எங்கேயோ வைத்துத் தொலைத்த ஆதார் அட்டை, இதோ வருகிறேன் என்று சொல்லித் தவறவிட்ட கடைசிப் பஸ், எல்லாமே அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

இது எந்த ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதையும் இல்லை. மலைக்கிராமப் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் வேலை செய்யும் இந்த அமைப்பு பல வாசல்களில் கேட்டதைச் சேர்த்துப் பின்னியது. எந்த வாசலில் கேட்டாலும் சண்டை ஒரே தீர்ப்பில்தான் வந்து நிற்கிறது: "பொறுப்பில்லாத ஆளு." பள்ளியில் அதற்குப் பெயர் "அடங்காத பையன்". விடுதியில் "சேட்டைக்காரன்". பெயர் வைத்து முடித்தபின் அவனுக்கு என்னதான் சிக்கல் என்று கேட்பார் இல்லை. அந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பதுதான் இந்த அறிக்கையின் நிலைப்பாடு.

அந்தச் சிக்கல் ஏடிஹெச்டியாக இருக்கலாம். அதைத் தமிழில் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு என்கிறார்கள். வாய்க்குள் நுழையாத பெயர் என்பது ஒருபுறம் இருக்க, அது ஆளைத் தவறான வழியிலும் அனுப்புகிறது. மோட்டாரோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்தவனிடம் கவனம் குறைவாகவா இருந்தது? வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் அதை நிறுத்தவும், நேரம் வந்ததும் அங்கிருந்து பிடுங்கி வேறிடத்தில் நடவும்தான் அவனால் முடியவில்லை. "அதுக்கு மட்டும் முடியுதே, இதுக்கு முடியாதா?" என்ற கோபம் கிளம்புவது இங்கேதான். ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை துளைத்தவன் என்று, இங்கே ஆண்ட வல்வில் ஓரிக்கு ஆடியில் விழா எடுக்கிற மலை இது. குறி தவறுகிறவனுக்கு இங்கே அவ்வளவு எளிதில் இரக்கம் கிடைத்துவிடாது.

2021இல் உலக ஏடிஹெச்டி கூட்டமைப்பின் சார்பில் 27 நாடுகளைச் சேர்ந்த 80 ஆய்வாளர்கள் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டார்கள். அதுவரை நடந்த ஆய்வுகளைச் சலித்து, நிற்கக்கூடியவை என்று 208 முடிவுகளைப் பட்டியலிட்டது அந்த அறிக்கை. சிறுவர், இளையோரில் 5.9 சதவீதம் பேருக்கும், பெரியவர்களில் 2.5 சதவீதம் பேருக்கும் ஏடிஹெச்டி இருப்பதாக அது சொல்கிறது. இரட்டையர் ஆய்வுகளின்படி இதில் பரம்பரையின் பங்கு சுமார் 74 சதவீதம். வளர்ப்பு சரியில்லை என்று தாயைக் குற்றக் கூண்டில் ஏற்றுகிறவர்களுக்கு இந்த ஓர் எண் போதும். இன்னொரு விஷயமும் இதிலிருந்து தெரிகிறது. பையனைப் பற்றி மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பா மெல்லத் தலை குனிவது தற்செயல் இல்லை. அத்தனையும் அவருடைய கதையாகவும் இருக்கலாம்.

பெண் பிள்ளைகளிடம் இது பெரும்பாலும் ஓசைப்படாமல் இருக்கும். ஓடமாட்டாள், குதிக்கமாட்டாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வகுப்புக்குத் தொந்தரவு இல்லாததால் அவளை யாரும் எங்கும் அனுப்புவதில்லை. கல்யாணமாகிப் புகுந்த வீட்டில் பால் பொங்கி வழியும்போதும், அடுப்பில் வைத்த கேழ்வரகுக் களி அடிப்பிடிக்கும்போதும்தான் முதல்முறையாக ஊர் அவளைக் கவனிக்கிறது. அப்போது கிடைக்கும் பெயர், "அம்மா வீட்டில் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை."

குடும்ப உறவைப் பொறுத்தவரை இந்த அமைப்பு இரண்டு பக்கமும் சேர்த்தே பேச விரும்புகிறது. மறப்பவனுக்கு அது குணக்கேடு இல்லை என்று தெரிய வேண்டும். ஆனால் மறதியின் கூலியை அன்றாடம் கட்டுவது பக்கத்தில் இருப்பவள். வீட்டின் தேதிகளையும் சாவிகளையும் தவணைகளையும் தன் தலையில் சுமந்து சுமந்து, நாளடைவில் மனைவி என்ற இடம் போய் அவள் கண்காணிப்பாளராகிவிடுகிறாள். அவன் திட்டு வாங்கும் மாணவனாகிவிடுகிறான். அதன்பிறகு அவன் பொய் சொல்லத் தொடங்குவான், அவள் கேட்பதையே விட்டுவிடுவாள். "எனக்கு இந்த நோய் இருக்கு, நான் இப்படித்தான்" என்று மருத்துவச் சீட்டை மன்னிப்புக் கடிதமாக நீட்டுவதை இந்த அமைப்பு ஏற்கவில்லை. நோயறிதல் வந்தபின் அவன் பங்குக்கு வேலை கூடத்தான் செய்கிறது. மாலை நாலரைக்குக் கைபேசியில் அலாரம் வைப்பது அவன் பொறுப்பு. ஞாபகப்படுத்தும் வேலை மனைவியிடமிருந்து கைபேசிக்குப் போனாலே பாதிச் சண்டை குறைந்துவிடும். தவணைத் தேதி சுவரில் கண்படும் இடத்தில் இருக்க வேண்டும். வேலை சொல்பவரும் ஒரு மூச்சில் நான்கு சொல்லாமல், ஒன்று முடிந்தபின் அடுத்ததைச் சொல்லலாம்.

இனி ஒரு எதிர்க்கேள்வி. மலையில் இதைக் கேட்காத கூட்டமே இல்லை. "காட்டுல ஓடி, மரத்துல ஏறி வளர்ற புள்ளைங்க. அதுங்கள நாலு சுவத்துக்குள்ள உக்கார வெச்சிட்டு, ஓடுதுன்னு சொன்னா அது நோயா?"

நியாயமான கேள்வி. இதற்கு மருத்துவ விதியிலேயே பாதி விடை இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டின்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் தென்பட்டால் போதாது. வகுப்பில் அலைபாய்கிற பையன் வீட்டிலும் தோட்டத்திலும் விளையாட்டிலும் சொன்னதைச் சொன்னபடி செய்கிறான் என்றால், முதலில் பார்க்க வேண்டியது பையனை இல்லை, வகுப்பறையை. மாறாக, மேய்க்கப் போன ஆட்டை விட்டுவிட்டு வருகிறான், கபடியில் தன் முறை வரும்வரை நிற்க முடியாமல் சண்டை வாங்குகிறான், அரிவாளை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுகிறான் என்றால், அங்கே வேறு விஷயம் இருக்கிறது.

கோயம்புத்தூர் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வை இந்த இடத்தில் எடுத்துப் பார்ப்பது நல்லது. ஜோத்ஸ்னா அகம் வெங்கடா, அனுஜா பணிக்கர் ஆகிய இருவரும் நான்கு பள்ளிகளில் 6 முதல் 11 வயது வரையிலான 770 பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். 2013இல் இந்திய மனநல மருத்துவ இதழில் வெளியான முடிவு: 11.32 சதவீதம். உலகக் கணக்கைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதைவிட யோசிக்க வைப்பது அடுத்த வரி. நடுத்தரக் குடும்பப் பிள்ளைகளில் 6.84 சதவீதம், வருமானம் குறைந்த குடும்பங்களில் 16.33 சதவீதம். ஏழைப் பிள்ளைகளுக்கு ஏடிஹெச்டி அதிகம் என்று இதைப் படித்துவிடலாம். ஆனால் அந்த ஆய்வில் அளவுகோல், பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பிய கேள்வித்தாள். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை, இரத்தசோகை உள்ள பிள்ளை, அப்பா குடித்துவிட்டு வந்து போட்ட ரகளையில் இரவெல்லாம் தூங்காத பிள்ளை, காது சரியாகக் கேட்காத பிள்ளை, எல்லாருமே கேள்வித்தாளில் ஒரே மாதிரி மதிப்பெண் வாங்கக்கூடும். வீட்டைப் பிரிந்து உண்டி உறைவிடப் பள்ளிக்கு வந்த முதல் பருவத்தில், ஏங்கிப்போன ஆறு வயதுக் குழந்தைக்கும் எதிலும் மனம் நிற்காது. அதற்குப் பெயர் ஏக்கம்.

ஆகவே ஆசிரியரோ விடுதிக் காப்பாளரோ தன்னார்வலரோ எந்தப் பிள்ளைக்கும் ஏடிஹெச்டி என்று முத்திரை குத்தக்கூடாது. எப்போது, எங்கே, எத்தனை நாளாக என்று எழுதி வைப்பதோடு அவர்கள் வேலை முடிகிறது. கண், காது, இரத்தம், தூக்கம், சாப்பாடு, வீட்டு நிலைமை ஆகியவற்றைப் பார்த்த பிறகு மனநல மருத்துவரோ குழந்தைநல மருத்துவரோ முடிவு சொல்லட்டும்.

அடி கூடாது. இதில் விவாதத்துக்கே இடமில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் ஒன்றாகச் சேர்த்தே தடை செய்கிறது.

மருந்து பற்றி மலையில் இரண்டு பேச்சு உண்டு. ஒரு மாத்திரையில் எல்லாம் சரியாகிவிடும் என்பது ஒன்று, அது போதை மாத்திரை என்பது மற்றொன்று. இரண்டாவது பேச்சு ஒன்றுமில்லாததிலிருந்து வரவில்லை. அதிகம் பயன்படும் மெத்தில்பெனிடேட், 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது. ஆனாலும் மருத்துவர் எழுதிய அளவில், அவர் பார்வையில் எடுத்தால் பலருக்குத் தெளிவான பலன் தருகிற மருந்து அது. ஆறு வயதுக்குக் கீழே முதலில் பெற்றோருக்குத்தான் பயிற்சி, மாத்திரை பிறகு. பசியைக் குறைக்கும் மருந்து என்பதால், எடை குறைந்த பிள்ளைகள் அதிகமுள்ள இடத்தில் எடையும் உயரமும் பார்க்காமல் சீட்டை மட்டும் புதுப்பிக்கக் கூடாது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகே மாத்திரை என்பதை விடுதிச் சமையலறை வரை சொல்லி வைக்க வேண்டும்.

சிகிச்சை இல்லாமல் விடுவதற்கும் ஒரு விலை உண்டு. 2014இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு, ஏடிஹெச்டி உள்ள 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைத் தொடர்ந்து பார்த்தது. ஆண்களுக்கு, மருந்து எடுத்த காலங்களில் கடுமையான சாலை விபத்துகள் 58 சதவீதம் குறைவாக இருந்தன. அந்தக் குறைவு முழுக்க மருந்தால் மட்டுமே என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. என்றாலும் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை டூவீலரில் ஏறி இறங்கும் இளைஞர்கள் உள்ள மலைக்கு இந்த எண் அந்நியமானது இல்லை.

அரசிடம் வைக்க வேண்டியது ஒரு பழைய முரண்பாடு. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில், பள்ளிகளில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய 30 பாதிப்புகளில் ஏடிஹெச்டியும் ஒன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் அது இல்லை. கற்றல் குறைபாடு இருக்கிறது, ஆட்டிசம் இருக்கிறது. ஏடிஹெச்டி மட்டும் உள்ள பிள்ளைக்கு அந்தச் சட்டத்தில் சொந்தமாக ஒரு கதவு கிடையாது. கற்றல் குறைபாடுகளில் ஒன்றான டிஸ்லெக்சியா உள்ள மாணவருக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உண்டு. கண்டுபிடி என்று ஒரு திட்டம் சொல்கிறது, கண்டுபிடித்த பிறகு என்ன என்று கேட்டால் சட்டம் வாய் திறப்பதில்லை. அன்றாட வாழ்க்கையைக் கணிசமாக முடக்கும் ஏடிஹெச்டியைச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று இந்த அமைப்பு கோருகிறது. அதுவரை, மருத்துவர் சான்று இருந்தால் தேர்வறையில் கூடுதல் நேரமும் அமைதியான இடமும் தர மாநில அரசே ஆணையிடலாம்.

மருத்துவரைப் பார்க்க, மலை மேலுள்ள செம்மேட்டிலிருந்து நாமக்கல் போக 50 கிலோமீட்டருக்கு மேல். பிள்ளையோடு போய்த் திரும்ப ஒரு முழு நாளும் ஒரு நாள் கூலியும் போகும். ஒவ்வொரு மாதமும் அதைச் செய்யக் கூலிக்காரக் குடும்பத்தால் முடியாது. எனவே மாவட்ட மனநலக் குழு மாதம் ஒருமுறை, சொன்ன தேதியில், மலைக்கு வர வேண்டும். இடையில் தடுமாற்றம் வந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம் என்பது பள்ளிச் சுவரில் எழுதப்பட வேண்டும்.

அரசைக் கேட்பதற்கு முன் அமைப்பு தன் வீட்டையும் பார்த்துக்கொண்டது. மாலை வகுப்புத் தன்னார்வலர்கள் எழுதி வந்த பிள்ளைகளின் குறிப்பேடுகளைப் புரட்டியபோது, "சோம்பேறி", "திமிர்", "சொன்னால் கேட்கமாட்டான்" என்ற சொற்கள் அங்கேயும் கிடந்தன. அவற்றை எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவசரத்தில் இருந்தவர்கள். வரும் ஜூனிலிருந்து அந்தக் குறிப்பேடுகளில் குணத்தை எழுத இடமில்லை. அன்று என்ன நடந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை சாப்பிட்டதா, தூங்கியதா என்ற நான்கு கேள்விகள்தான் இருக்கும். பழைய குறிப்புகளை அடித்துவிட்டு, அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்கு மறுபடி போய்க் கேட்டு எழுதும் பொறுப்பு, முதலில் அவற்றை எழுதியவர்களிடமே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.